மலைக்கு வந்த மைக்செட்

ஜமுனாமரத்தூர்,
4 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பிரகாசி எழுதுவது. தோத்திரம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கொடுத்தனுப்பிய தைலத்தை நீங்களே தோளுக்குத் தேய்த்துத் தீர்த்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அத்தைதான் எடுத்து, “மாமா குளிக்கிறாரு கண்ணு” என்கிறார். நான் மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து நீங்கள் குளித்துக்கொண்டேதான் இருக்கிறீர்கள். அதனால்தான் கடிதம் எழுதுகிறேன்.

மே 25, சனிக்கிழமை, எனக்கு நித்திய வார்த்தைப்பாடு. இதுவரை அந்த வாக்கை வருஷா வருஷம் புதுப்பித்து வந்தேன். இனி ஆயுசுக்கும் கன்னியாஸ்திரீதான். நான் நர்ஸாக இருக்கும் மடத்து ஆஸ்பத்திரிக்கு வருகிற மலைச் சனங்களும் பார்க்க வேண்டும் என்று, இங்கே எங்கள் கோயிலிலேயே வைக்க மதரிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன்.

நீங்கள் வர வேண்டும். தாய்மாமன் என்பதற்காக மட்டும் இல்லை. நீங்கள் என் ஞானத்தகப்பன். கைக்குழந்தையாக நான் வீரிட்டுக்கொண்டிருந்தபோது, ஞானஸ்நானத் தொட்டியருகில் சாமியார் கேட்ட கேள்விக்கெல்லாம் எனக்காகப் பதில் சொன்னவர். அன்று நீங்கள் சொன்ன பதிலைத்தான் இப்போது நான் என் வாயால் சொல்லப்போகிறேன். அதைக் கேட்க நீங்கள் இல்லாமல் எப்படி?

உங்கள் மருமகள்,
பிரகாசி

*

இயேசு மரி சூசை துணை

போளூர்,
15-4-24

மருமகள் பிரகாசிக்கு மாமன் சின்னப்பன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். தைலம் தீர்ந்தது உண்மைதான்.

சாமியார் கேட்டார், நான் பதில் சொன்னேன். அதை மறுக்கவில்லை. குழந்தையை வேதத்தில் வளர்ப்பீர்களா என்று கேட்டார், வளர்ப்போம் என்றேன். மடத்துக்கு அனுப்புவீர்களா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு அப்போதே வெளியே வந்திருப்பேன்.

போளூரைச் சுற்றி எந்தக் கல்யாணத்துக்கு நான் மைக்செட் கட்டவில்லை? ஊரார் வீட்டுப் பெண்களுக்கு மாமன் சீர் வரும்போதெல்லாம் பாட்டுப் போட்டவன் நான். நம் வீட்டுக் கல்யாணத்துக்கென்று புதுசாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கி வைத்தேன். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மாமனுக்கு இருக்கிற ஒரே உரிமை சீர் கொண்டுவருவது. அதையும் நீ பிடுங்கிக்கொண்டாய். நான் வந்து என்ன செய்ய?

அன்றைக்கு எனக்குக் கலசபாக்கத்தில் ஒரு காதுகுத்து இருக்கிறது.

இப்படிக்கு,
சின்னப்பன்

*

ஜமுனாமரத்தூர்,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கோபத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். அந்தப் பாக்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது மாமா.

சாமியார் கேட்கவே இல்லை என்கிறீர்கள். கேட்டார். “விசுவசிக்கிறீர்களா” என்ற கேள்விக்குள்ளேயே எல்லாம் இருந்தது. அதே தண்ணீர்தான் அத்தையின் தலையிலும் விழுந்தது. அவருக்கு அது உங்களோடு குடும்பம் நடத்துகிற அழைப்பாக வந்தது (அதுவும் லேசான தவம் இல்லை). எனக்கு இந்த மலையாக வந்தது. நான் வேறு யாராகவும் ஆகிவிடவில்லை. நீங்கள் வைத்த பெயரைக்கூட மாற்றவில்லை, பார்த்தீர்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. மாதையன் என்று ஒருவர், சாமை பயிரிடுகிறவர், காலில் புண்ணுக்குக் கட்டுப் போட வருவார். கோயிலுக்கு வெள்ளையடிப்பதைப் பார்த்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ சீரு யாரு கொண்டாறாங்க?”

“இது கல்யாணம் இல்லீங்க.”

“சாமிக்கு ஆயுசுக்கும் வாக்கு குடுக்கிறது கல்யாணத்தவிடப் பெரிசாச்சே. மாமன் இல்லாம இன்னாம்மா நீ? ஒங்க மாமன் எங்க?”

“போளூர்ல இருக்காரு. வரமாட்டாருங்க.”

கட்டுப் போட்டு முடித்தேன். எழுந்து போகும்போது, “உடு, நான் மாமனா நிக்கிறேன்” என்றார். நேற்று மனைவியோடு வந்து, சீரை எத்தனை மணிக்குக் கொண்டுவருவது என்று கேட்கிறார். சாமை, தேன், பெரிய பலாப்பழம், முன்னால் மேளம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் வந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

பிரகாசி

*

இயேசு மரி சூசை துணை

போளூர்,
6-5-24

பிரகாசிக்கு,

கடிதம் வந்தது. உன் அத்தை சத்தமாகப் படித்தாள். தவம் என்று எழுதியிருந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

யார் அந்த மாதையன்? கூடப் பிறந்த அக்கா மகளுக்கு நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, அவர் எப்படி மாமனாக நிற்பார்? நல்ல மனுஷனாக இருக்கலாம். பலாப்பழமும் பெரிசாக இருக்கலாம். அதற்காக?

காதுகுத்துக்குக் கடைப் பையன் தேவராஜை அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமையே உன் அம்மாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டியில் வருகிறேன். பாக்ஸ் உறையைப் பிரித்தாயிற்று. மாதையனிடம் சொல்லி வை, முன்னால் நடப்பது நான்.

சின்னப்பன்

*

இயேசு மரி சூசை துணை

போளூர்,
28-5-24

கண்ணு பிரகாசிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மலை இறங்கும்வரை அத்தை கண்ணைத் திறக்காமல் ஜெபமாலை சொன்னாள்.

யார் முன்னால் நடப்பது என்று நானும் மாதையனும் முறைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். கடைசியில் அந்தப் பலாப்பழத்தை ஒருத்தராகத் தூக்க முடியாமல், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். தங்கமான மனுஷன். சாமை அறுப்புக்கு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பூசையில் நான் செய்த காரியம்! சத்தம் பார்ப்பதற்காகக் கையில் மைக்கோடு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றேன். பூசை வைத்த ஆயர் உன்னைப் பார்த்து, ஞானஸ்நானத்திலேயே நீ கடவுளுக்கு அர்ப்பணிக்கப்பட்டாய், இப்போது இன்னும் நெருக்கமாக அவரோடு இணைய விரும்புகிறாயா என்று கேட்டார். நீ வாயைத் திறக்கவில்லை. கோயிலே கப்சிப் என்று இருந்தது. ஞானஸ்நானம் என்று காதில் விழுந்ததும், கேள்வி எனக்குத்தான் என்று என் வாய் நினைத்துக்கொண்டது. “ஆமாங்க சாமி!” என்றுவிட்டேன். மைக் ஆனில் இருந்தது. பாக்ஸ் வேறு புதுசு. கடைத்தெருவரை கேட்டதாம். ஆயரே சிரித்துவிட்டார்.

உன் பெரிய நாளைக் கெடுத்துவிட்டேனா கண்ணு? அத்தை தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் ஞானத்தகப்பன்,
சின்னப்பன்

*

ஜமுனாமரத்தூர்,
2 ஜூன் 2024

என் அருமை மாமாவுக்கு,

முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

நான் சொல்ல வேண்டிய பதில் எத்தனை வருஷமாக நெஞ்சில் இருந்தது! ஆயர் கேட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் நின்றீர்கள், வெள்ளைச் சட்டையெல்லாம் பலாப்பழப் பிசினோடு. வந்துவிட்டீர்களே என்று நினைத்ததும் தொண்டை அடைத்துவிட்டது. எவ்வளவு முயன்றும் குரல் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், எனக்குப் பயமாகிவிட்டது. அப்போதுதான் உங்கள் ஆமா வந்தது. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்ததில் அடைப்பு விட்டுப்போய், “விரும்புகிறேன்” என்று கணீரென்று சொன்னேன்.

பேச்சு வராத வயதில் எனக்காகப் பதில் சொன்னீர்கள். பேச்சு வராத அந்த நிமிஷத்திலும் நீங்கள்தான் சொன்னீர்கள். எந்த மாமன் எந்த மருமகளுக்கு இதைவிடப் பெரிய சீர் கொண்டுவந்திருக்கிறான்?

மாதையன் நேற்றுக் கட்டு மாற்ற வந்தார். “ஒம் மாமன் சொன்ன ஆமா மலைக்கே கேட்டுச்சி. இனிமே நீ மாத்திப் பேச முடியாது” என்றார். மாற்றிப் பேசமாட்டேன் மாமா. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

தைலம் அனுப்பியிருக்கிறேன், உங்களுக்குத் தனி, அத்தைக்குத் தனி. வரும் ஞாயிறு சாயங்காலம் போன் செய்வேன். அதற்குள் குளித்து முடித்துவிடுங்கள்.

என்றும் உங்கள் மருமகள்,
பிரகாசி