பதினோரு வாரச் சான்றிதழ்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே செய்தி சொல்லிவிடுகிறது. போனில் பேசினால் என் குரல் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் கடிதம்.

நீ திருப்பி அனுப்பிய உறை போன வாரம் வந்தது. நம் லிஃப்ட் பழுதுபார்க்கும் பட்டறையில் நீ இரண்டு வருடம் வேலை பார்த்ததாக நான் டைப் செய்து, முத்திரை குத்தி அனுப்பிய சான்றிதழ் அப்படியே உள்ளே இருந்தது. கூடவே உன் துண்டுச்சீட்டு: "அப்பா, நான் வேலை பாத்தது லீவுல பதினோரு வாரம். ஏறிப் பாக்காத லிஃப்டுக்கு நீங்க என்னிக்காவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா?"

முதலில் கோபம்தான் வந்தது. நீ அங்கே படிப்பு முடித்ததற்கு அந்த நாடு தந்த வேலை அனுமதி இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிப்பதற்கு, துறை அனுபவத்தில் உனக்குப் புள்ளிகள் குறைகின்றன. விசா ஆலோசகர், "சொந்தப் பட்டறைதானே சார், யார் வந்து எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்றார். முப்பது வருடம் ஒழுங்காக இருந்தவன், மகள் என்றதும் வழுக்கி விழுந்துவிட்டேன்.

உன் அம்மா சீட்டைப் படித்துவிட்டு, "பொண்ண ஒழுங்கா வளர்த்தா இதான் தொல்லை" என்று சிரித்தாள். அதைப் பட்டறை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டினேன். என் தில்லுமுல்லும் சேர்ந்தே வெளியாகிறது என்பது மூன்றாவது ஆள் சிரித்த பிறகுதான் உறைத்தது. சிரித்துவிட்டுப் போகட்டும், எடுக்க மனமில்லை.

இத்துடன் புதிய சான்றிதழ் இருக்கிறது. பதினோரு வாரம் என்றே போட்டிருக்கிறேன். கீழே ஒரு பத்தியும் சேர்த்தேன். அந்த எட்டு மாடி அலுவலகக் கட்டடம் நினைவிருக்கிறதா? நான் ஏறி இறங்கிப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, கருவிப்பெட்டியையும் மூடிவிட்டேன். நீ மட்டும் மோட்டார் அறையை விட்டு நகரவில்லை. பிரேக் பிடிக்கும்போது சத்தம் வேறு மாதிரி இருக்கிறது என்றாய். படித்த பிள்ளைக்கு எல்லாமே சத்தமாகத்தான் கேட்கும் என்று கேலி செய்தேன். கழற்றிப் பார்த்தால், பிரேக்கின் லைனிங் பட்டை தேய்ந்து உலோகம் தெரிந்தது.

பட்டறையின் பெயர் கெட்டுவிடும் என்று இதுவரை நான் வாய் திறந்ததில்லை. இப்போது பட்டறையின் பெயர் போட்ட தாளிலேயே எழுதிவிட்டேன்: 'உரிமையாளர் கவனிக்காமல் விட்ட பழுதை இவர் கண்டுபிடித்தார்.' அந்தக் கட்டட மேலாளரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு, "அந்தப் பொண்ணுக்காகப் போடறேன், உங்களுக்காக இல்ல" என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எது?

பதினோரு வாரத்துக்குப் புள்ளி கிடைக்காது, தெரியும். ஆனால் அடுத்த மாதம் அந்தச் சின்ன ஊர் லிஃப்ட் கம்பெனியில் நேர்முகம் இருக்கிறதே, வேலை கிடைத்தால் அவர்களே உனக்காக விண்ணப்பிப்பார்கள் என்றாயே, அங்கே இந்தத் தாளைக் காட்டு. பொய்ச் சான்றிதழை அடுப்பில் போட்டுவிட்டேன்.

வேலை கிடைத்தால் தங்கு. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா, தலை நிமிர்ந்தே வா. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்காதே. இப்போதெல்லாம் மோட்டார் அறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று காது கொடுத்துக் கேட்கிறேன். எல்லாச் சத்தமும் எனக்கு ஒன்றுபோலவே கேட்கிறது. இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே.

எந்த ஊரில் இருந்தாலும் உன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்கட்டும், மகளே. நல்லா இரு.

உன் முதல் முதலாளி,
அப்பா