‘அவிய’ என்று வாய் தவறியது

4 ஜூலை 1988, திங்கள்

சாரல். மலையே தெரியவில்லை. இரண்டு நாளாகத் துணி காயாமல் வீடு பூராவும் ஈர வாடை.

வாங்க வேண்டியது: அம்மாவுக்குத் தைலம், ஊக்கு, குடைக்குக் கம்பி.

மடவார் வளாகத்திலிருந்து ராஜபாளையம் வரை பஸ்ஸில் நின்றே போனேன். மில் ஆபீசில் பக்கத்து மேஜை ரமணி ஒரு வாரப்பத்திரிகையை நீட்டினாள். ‘உங்கள் காதல் எந்த வகை?’ இருபது கேள்வி, ஐந்து வகை. பார்த்ததும் பற்றிக்கொள்வது. விளையாட்டுக்குச் செய்வது. சோறு தண்ணி இறங்காமல் பைத்தியமாவது. நட்பாகவே இருந்து, எப்போது மாறியது என்றே தெரியாதது. கூட்டிக் கழித்துப் பார்ப்பது.

ரமணிக்கு முதல் மூன்றும் வந்தது. பொங்கலுக்கு அப்புறம் அவளுக்கு இது மூன்றாவது ஆள், பஸ் கண்டக்டர். எனக்குக் கடைசி வகை. “பாத்தியா, நீ ஒரு கல்லு!” என்றாள். சுருக்கென்றது. இருபத்தேழு வயதில் வேறு எப்படிப் பார்ப்பதாம்?

5, செவ்வாய்

பிளவக்கல் வரன். அணைக்கட்டில் வேலை. போன வாரம் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

நல்லது: நிரந்தர உத்தியோகம். சொந்த வீடு. குடி இல்லை. மாமியார் சாது.
கெட்டது: மூக்கு கொஞ்சம் பெரிசு. அதெல்லாம் ஒரு குறையா.

சரி என்று சொல்லிவிடலாம். முடிவு பண்ணியாயிற்று. பிறகு ஏன் மூன்று தரம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்?

6, புதன்

ஸ்டோர்ஸ் கிருஷ்ணன் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். ஆறு வருஷமாக நாலு மணி டீ எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வரும். இன்று தனியாகக் குடித்தேன். வெறும் வெந்நீர்.

வீட்டில் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். “ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“அவியளுக்குக் காய்ச்சலாம்.”

“எவியளுக்கு?”

“ஸ்டோர்ஸுல...”

அரிவாள்மனை நின்றது. “அந்தக் கிருஷ்ணனா? உன்னைவிட எட்டு மாசம் சின்னப்பய. நேத்து வரைக்கும் பேரச் சொல்லித்தானட்டி சொல்லிக்கிட்டிருந்த? நான் உங்க அப்பாவ மட்டுந்தான் அவியன்னு சொன்னேன்.”

குளிக்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். ஏற்கெனவே குளித்திருந்தேன்.

7, வியாழன்

விடிந்ததும் அம்மா: “அவுக வீட்டுல தெலுங்கு, நம்ம வீட்டுல தமிழு. பிள்ளைக எதுல அழும்?” திட்டினாளா கேலி செய்தாளா, தெரியவில்லை.

பஸ்ஸில் பிளவக்கல்காரரை நினைத்து, ‘அவிய வந்தாக, அவிய சாப்பிட்டாக’ என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் பூக்காரம்மா: “என்ன தாயி, சுலோகமா?” இல்லை, ஒட்டவே இல்லை. யார் வீட்டு விருந்தாளியையோ சொல்கிற மாதிரி இருந்தது.

கி. வந்துவிட்டார். (போன மாதக் குறிப்பில் ‘வந்துவிட்டான்’ என்று எழுதியிருக்கிறேன். பார்த்தேன்.) டீ நேரத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“எங்க அம்மாகிட்ட உங்கள அவியன்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கென்ன? மரியாதைதானே.”

எரிச்சலாக வந்தது. இவ்வளவு நாள் இந்த ஊரில் இருந்து என்ன தமிழ் கற்றாரோ!

“உங்க அம்மா உங்க அப்பாவ வெளியில என்னன்னு சொல்லுவாங்க?”

“‘மா ஆயன’ன்னு... எங்க அவிய...” பாதியில் நிறுத்திக்கொண்டார். காது சிவந்துவிட்டது. டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, “எனக்கும் நாலு வருஷமா அப்படித்தான். சொன்னா நீங்க டீக்கு வராம இருந்துருவீங்களோன்னு...”

ஒரு டீக்காக நாலு வருஷம்! கிளாஸை வீசியிருப்பேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து தொலைத்தது.

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து கேளுங்க.”

“அம்மா ஒத்துக்கிட்டா கூட்டிட்டு வாரேன்.”

“ஒத்துக்கிடலைன்னா?”

மில் சங்கு ஊதிவிட்டது. கிளாஸை வைத்துவிட்டு ஸ்டோர்ஸுக்கு ஓடிவிட்டார்.

8, வெள்ளி

பிளவக்கலுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பியாயிற்று. “நல்ல இடம்ட்டி. போச்சு,” என்றாள் அம்மா. “ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் வரலைன்னா என்ட்ட வந்து அழக்கூடாது.”

பயம். ரமணியிடம் பத்திரிகையை வாங்கி மறுபடி எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு வகைக்கும் நாலு நாலு. போங்கய்யா நீங்களும் உங்கள் வகையும்.

9, சனி

மழை விட்டது. துணி காய்ந்தது. கி. டீக்கு வரவில்லை. ஸ்டோர்ஸ் பக்கம் இரண்டு தரம் காரணமில்லாமல் நடந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எடை போட்டுக்கொண்டிருந்தார். கண் வீங்கியிருந்ததாக ரமணி சொன்னாள்.

டைப் அடித்ததில் ஏழு தப்பு.

10, ஞாயிறு

வாசல் மூன்று தரம் பெருக்கியாயிற்று. மஞ்சள் சேலை. இல்லை, பச்சை.

10 மணி. யாரும் இல்லை.

12. அம்மா கேசரி கிண்டி மூடி வைத்திருக்கிறாள். “அவுக அம்மாவுக்குச் சீனி ஆகுமோ என்னமோ.”

2. ராஜபாளையம் பஸ் நின்றது. இரண்டு பெண்கள், குழந்தையோடு ஒருவர். அவ்வளவுதான்.

3.30. கேசரி ஆறிவிட்டது. அம்மா மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடுகிறாள். திட்டினால்கூடத் தேவலை.

4.10. எழுதிக்கொண்டிருக்கும்போதே அம்மா ஜன்னலிலிருந்து கூப்பிடுகிறாள். “ஏட்டி, வந்தாச்சு.”

“அவிய அம்மா வந்திருக்காகளா?”

“இல்ல. தனியாத்தான். கையில துணிப்பெட்டி இருக்கு.”