பின்சீட்டு சிக்னல்மேன்

ஜூலை 6, ஞாயிறு

எனக்கு எழுத வராது. கண்ணு இருந்தப்பவே வராது. பொண்ணு டெபோரா போன்ல இன்னாவோ செஞ்சு குட்த்துட்டுப் போயிருக்கா. நான் பேசுனா அது எழுதிக்குமாம். எவன் படிக்கப் போறான்னு கேட்டேன். "படிக்க இல்ல நைனா. நீ பேசிகினே இருக்க ஒரு எடம் வோணும். அம்மா காது பாவம்"னா.

சைக்கிள் வந்துட்ச்சி. தண்டையார்பேட்டை ஜெயவேலு ரெண்டு சைக்கிள வெட்டி ஒண்ணா வெல்டிங் அட்ச்சிக் குட்த்தாரு. ரெண்டு சீட்டு, ரெண்டு ஜோடி பெடலு. இன்னாத்துக்குன்னா, ராயபுரத்துலேர்ந்து வருஷா வருஷம் வேளாங்கண்ணி கொடியேத்தத்துக்கு நானும் என் பொண்டாட்டி வியாகுலமும் நடந்தே போவோம். சக்கரை என் கண்ணத் தின்னுட்ச்சி, வெளிச்சம் மட்டும் தெரியும். அவளுக்கு முட்டி தேஞ்சிட்ச்சி. நடக்காத, வோணும்னா சைக்கிள் மிதின்னாரு டாக்டரு. அவ கண்ணையும் என் காலையும் சேத்தா ஒரு ஆளு தேறும்.

"முன்னால யாரு குந்தறது?"ன்னு கேட்டேன். ஜெயவேலு ஸ்பானரக் கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு.

"நீ முன்னால குந்துனா வேளாங்கண்ணி வரைக்கும் போவாது நைனா. காசிமேடு கல்லறையோட நின்னுடும்."

ஜூலை 8

வுழுந்தோம்.

ஜூலை 9

மறுபடியும். இந்தத் தபா மீன்காரம்மா கூடை மேல. சங்கரா மீனு. அத்தனையும் வாங்கிகினு வந்தோம், வேற வழி?

ஜூலை 13, ஞாயிறு

வுழறதுக்குக் காரணம் நான்தான். அவ லெஃப்ட்ல சாஞ்சா நான் ரைட்டுல சாயறேன். ஆரன் சத்தம் கேட்டா "நிறுத்து"ன்னு கத்தறேன். பழக்கம் அப்பிடி. சர்வீஸ் பூரா ஹார்பர்ல சிக்னல்மேன். கப்பலு வயித்துக்குள்ள இன்னா கீதுன்னு கிரேன் டிரைவருக்குத் தெரியாது. நான் ஓரமா நின்னு கையக் காட்டுவேன், அவன் தூக்குவான், எறக்குவான். ஒரு தபா கொசு கடிக்குதேன்னு கைய ஆட்டிட்டேன். கோதுமை மூட்டையெல்லாம் மேல போய் ஊஞ்சலாடிகினு கீது. கேப்டன் வெளிநாட்டுக்காரன். இன்னா திட்டுனான்னு இன்னி வரைக்கும் தெர்ல.

எங்கியோ போய்ட்டேன். இன்னா சொல்லிகினு இருந்தேன்? ஆங், சைக்கிளு. இப்ப என் கையப் பாக்க ஆளில்ல. முன்னால அவ முதுகுதான் கீது. முதுகுக்கு சிக்னல் போட்டா தெரியுமா?

வியாகுலம் சத்துணவுல சமைச்சவ, ஒரு ஸ்கூலுப் பசங்களையே அதட்டி சோறு போட்டவ. இன்னிக்கி முடிவா சொல்லிட்டா: "யோவ், வர்ற ஞாயித்துக்கெழமை எண்ணூர் வரைக்கும் கம்முனு வந்து கம்முனு திரும்பு. முடியலன்னா நான் என் தங்கச்சி ரேச்சலோட பஸ்ல போறேன். நீ மணலி புதுநகர்ல பொண்ணு வூட்ல குந்து."

அந்த வேளாங்கண்ணி ரோட்டுலதான் அவள மொதல்ல பாத்தேன். செருப்பு பிஞ்சி, அத்தக் கையில புட்ச்சிகினு, எனக்கு முன்னால போய்கினு இருந்தா. அப்பவும் முன்னாலதான்.

ஜூலை 20, ஞாயிறு

திருவொத்தியூர் தாண்டற வரைக்கும் வாயத் தொறக்கல. சத்தியமா.

அப்பாலிக்கா பின்னால கன்டெய்னர் லாரி சத்தம். ரொம்பக் கிட்ட. நான் ஒண்ணும் பண்ணல. கைதான் பண்ணுச்சு. தலைக்கு மேல போய் கப்புனு முஷ்டியா மூடிக்கிச்சு. ஹார்பர்ல அதுக்கு அர்த்தம் ஒண்ணுதான்: அப்பிடியே நில்லு, ஒரு இஞ்சு அசையாத. அங்க லோடு ஏத்தற அத்தினி டிரைவருக்கும் தெரியும். இவனுக்கும் தெரிஞ்சிருக்கு. புட்ச்சான் பாரு பிரேக்கு. அவன் பின்னால கீறவன், அதுக்கும் பின்னால கீறவன்... எண்ணூர் ரோடே நின்னுட்ச்சி.

டிரைவரு எறங்கி ஓடியாந்தான். "இன்னா நைனா, எதுனா மாட்டிக்கிச்சா?"

"சொம்மாதான்"னேன்.

அவன் அப்பாலிக்கா சொன்னத இங்க சொல்ல மாட்டேன். போனுக்கும் மானம் கீது.

வியாகுலம் எறங்குனா. அங்கியே வண்டியத் திருப்பிட்டா.

ஜூலை 21

மீன் கொழம்புல உப்பு இல்ல. நான் கேக்கல.

ஜூலை 23

ரேச்சலு கூட போன்ல பேசிகினு இருந்தா. "ஆமா, பஸ்ஸுதான்"னா. நான் தூங்கற மாதிரி படுத்துகினு இருந்தேன். கண்ணு தெரியாதவன் தூங்கற மாதிரி நடிக்கறது கஸ்டம்னு இன்னிக்கித் தெரிஞ்சிகினேன். காது எங்க மூடும்?

ஜூலை 27, ஞாயிறு

"கெளம்பு"ன்னா. மணலிக்குன்னு நெனச்சி, "துணிப் பைய எடுத்துக்கட்டா?"ன்னேன்.

"பெடல்ல கால வையி."

திருவொத்தியூர் தேரடிகிட்ட ரைட்டுல திரும்பணும். எப்பவும் அங்க எறங்கித் தள்ளிகினுதான் போவோம். இந்த வண்டி கனத்துக்கு ஒரு கைய எடுத்தா ஹேண்டில் பாரு ஆடும், அவளால கை காட்ட முடியாது. இன்னிக்கி அவ எறங்கல.

"யோவ். சோத்தாங்கைய நீட்டு."

"நானா?"

"அன்னிக்கி ஒரு ரோட்டையே நிறுத்துச்சே, அந்தக் கைதான். நீட்டுய்யா."

நீட்டுனேன். பின்னால ஒரு பஸ்ஸு மூச்ச வுட்டு மெதுவாச்சு. எங்க திரும்பறோம், எதிர்ல இன்னா வருதுன்னு ஒண்ணும் தெர்ல. அவ சொல்ற வரைக்கும் கைய எடுக்கல.

"ஆங், எட்த்துடு."

எட்த்துட்டேன். திரும்பிட்டோம். வுழல.

அந்தக் கிரேன் டிரைவரு இப்பிடித்தான் குந்திகினு இருந்திருப்பான் போல, பாவம். ஒரு நாளாச்சும் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குட்த்திருக்கலாம்.

வூட்டுக்கு வந்து, "பஸ்ஸு டிக்கெட்டு?"ன்னு மெதுவா கேட்டேன்.

"ரேச்சலுக்கு மட்டும் எடுக்கச் சொல்லிட்டேன்."

கொழம்புல இன்னிக்கி உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. அதையும் கேக்கல.

ஆகஸ்ட் 23, சனி

மரக்காணம், வேளாங்கண்ணி போற வழி. சர்ச்சு வராண்டாவுல படுக்க எடம் குட்த்தாங்க. நடந்து வர்ற கும்பலு எங்க வண்டியச் சுத்தி நின்னு போட்டோ எட்த்துகினு போச்சு. காலு எப்பிடி கீதுன்னு டெபோரா போன் போட்டுக் கேட்டா. காலு நல்லா கீது, கைதான் வலின்னேன். நம்பல.

வியாகுலம் தோளுக்குத் தைலம் தேய்க்கறா.

"இன்னா மே, நாளைக்கி ரைட்டுல திரும்பறது நெறைய கீதா?"

"உனுக்கு இன்னாத்துக்கு அது? சொல்றப்ப நீட்டு."