கால் வலிக்கு முதுகுப் படம்

2024 பெப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40
கொழும்பு
கடிதம் இலக்கம் 9

அன்புள்ள பேச்சாயிக்கு,

வட்டகொடையில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நான் சுகமே. கடந்த 6ஆம் திகதி கடையில் மூட்டை தூக்கியபோது இடுப்பு சற்றே பிடித்தது, பதற வேண்டாம். வலியெல்லாம் வலது காலில்தான். ஆஸ்பத்திரியிலோ முதுகைப் படம் எடுத்தார்கள்.

"வலிக்கிறது காலுங்க, டாக்டரம்மா," என்றேன்.

அவர் நம் மலைநாட்டு ஹட்டன் பெண். "லயத்து வரிசையில கடைசி வீட்டுக்குத் தண்ணி வரலைன்னா, மேல போய்த்தானேங்க குழாய்ல அடைப்பைப் பாப்பீங்க?" என்று சிரித்தார்.

முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை பிதுங்கி, காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்துகிறதாம். அடைத்தால் தண்ணீர் நிற்கும். வலி மட்டும் எப்படிக் கீழே ஓடுகிறது? இன்னும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் தேயிலைக் கொழுந்து சுமக்கும் உன் கால் மரத்துப்போவதும் இதனாலேயே இருக்கலாம். நாமோ காலுக்கே எண்ணெய் தேய்த்தோம். வெள்ளிக்கிழமை உன் முதுகு வலிக்கு மிதித்துவிட வருபவரை வரவேண்டாமென்று சொல். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த நரம்பு நசுங்கிச் சிறுநீர் தடைப்பட்டால் அன்றைக்கே போ.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. இங்கே குளிரில்லை, வீட்டு வாசனைக்காகவாவது அனுப்பு. கடை திறக்க நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் கணவன்
வீ. மருதமுத்து

இணைப்பு:
1. டாக்டரம்மா வரைந்த முள்ளந்தண்டுப் படம்.
2. எனக்குத் தந்த இடுப்புப் பட்டி. அது எனக்கு வேண்டியதா, உனக்கு வேண்டியதா என்று உன் டாக்டரையும் கேள்.