கரடி வராத மாலை

பள்ளிக்குக் கிளம்பிய மகள் பவுடர் டப்பாவைத் தட்டினாள். சந்தன வாசனை அடுப்படிவரை வந்தது. தாளிப்பு கருகுவதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

அன்று உங்களை 'ஏம்பா, இங்க வா' என்றுதான் கூப்பிட்டேன். என் வயதுதான் உங்களுக்கும். செத்த பிறகு 'நீங்கள்' போடுகிறேன், பாருங்கள் என் மரியாதையை!

எங்கள் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர், அமிர்திக்கு மேலே காட்டில் போட்டிருந்த கூடாரங்களில் தங்கி விலங்கு பார்க்க வந்தோம். மெத்தைக் கட்டில், வாளியில் வெந்நீர், மதியம் கோழி பிரியாணி. வழிகாட்ட மலைக்காரரான நீங்கள். "இந்த வேல நெலச்சிச்சின்னா குடகு எஸ்டேட்டுக்குப் போவ வேணாங்க. புள்ளைங்களோட இங்கியே இருந்துக்குவேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தீர்கள்.

சாயங்காலம் சுனைக்குக் கிளம்புமுன் எல்லாரையும் நிறுத்தினீர்கள். "பூவு, பவுடரு, சென்ட்டு ஒண்ணும் வேணாங்க. கரடிக்குக் கண்ணு மந்தம், மூக்குதான் எல்லாம்." உங்கள் கைகாலில் சாம்பல் பூசியிருந்தது. நான் நேராகக் கூடாரத்துக்குள் போய், கழுத்தெல்லாம் பவுடரை அப்பிக்கொண்டு வந்தேன். போட்டோ எடுப்பார்களே! இவன் என்ன சொல்வது என்ற திமிரும்தான்.

பாறை மறைவில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எதிர்ப்புதரில் ஒரு சலசலப்பு, ஓர் உறுமல். பிறகு ஒன்றுமே இல்லை. "இன்னாப்பா, உன் கரடிக்கு இன்னிக்கு லீவா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் மூச்சை ஒருமுறை இழுத்து மோந்து, திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

கூடாரத்துக்காரர் எங்கள் எதிரிலேயே கத்தினார். "மூணாவது வாட்டி இது! வர்ற ஜனங்களுக்கு இன்னாத்த காட்டுவ? இன்னா ஆச்சு, சொல்லு!"

"காத்து மாறிப்போச்சுங்க. நான்தான் எடத்தத் தப்பா பாத்துட்டேன்."

"போய்ட்டு வேற வேல பாரு."

நான் காபி டம்ளரோடு நாலடி தள்ளி நின்றிருந்தேன். ஒரு வார்த்தை போதும். வாய் வரவில்லை. பன்னிரண்டு பேர் எதிரில் என் மானம் போய்விடுமாம், வெட்கங்கெட்டவள்!

போன வாரம் ஆலங்காயத்தில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். "அவரு குடகுலயே தவறிட்டாருங்க. மொகத்தக்கூட நாங்க பாக்கல" என்றார். உங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தச் சாயங்காலம் சுனைப்பக்கம் காற்றே இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. அது நம் இருவருக்குத்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.