ஒரு விரற்கடை ஆவி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நானும் சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது, எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் பதறாதே. உன் மாமா போன வாரம் ஊருக்குக் கிளம்பிவிட்டார், இருந்தவரை அவர்தான் சமைத்தார், இந்தச் சமையலுக்கு உன் அம்மாவே எழுந்து வந்து திட்டுவாள் என்றேன், அவர் சிரிக்கவில்லை. காரியம் முடிந்து நீ விமானத்துக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "அம்மா போனது உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாப்பா?" என்று கேட்டாய், நான் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தேன். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை, அதனால் கை சுட்ட கதையைச் சொல்கிறேன்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது அதன் மூக்கைப் பார். வெள்ளையாகத் தெரிவது ஆவி இல்லை, ஆறிப் பொடித்துளியாகிவிட்ட தண்ணீர். மூக்கு நுனிக்கும் அந்த வெள்ளைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் வெறுமையாக இருக்கும், அங்கேதான் உண்மையான ஆவி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. தோலில் பட்டதும் தண்ணீராக மாறி, தான் வாங்கி வைத்திருந்த சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும், கொதிநீரைவிட மோசம். அதனால்தான் எங்கள் சலவைக்கூடத்தில் பாய்லர் பைப் கசிந்தால் யாரும் கையை நீட்டமாட்டோம், குச்சியில் துணி கட்டித்தான் தேடுவோம். புதிதாக வருகிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக் கொடுப்பது நான்தான். செவ்வாய்க்கிழமை வால்வுப் பக்கம் கசிந்தது, வெள்ளைக்கு ஒதுங்கி, அந்த வெறும் இடத்தில் நானே கையை நீட்டினேன். சுட்டது தெரிந்தது, எடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது, அவசரம் மட்டும் வரவில்லை. இஸ்திரி போடுகிற அக்காதான் ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள், உனக்கென்ன மரத்துப் போச்சா என்று கத்தினாள். ஆமாம் என்று சொன்னேன். நீ உடனே இதில் ஒரு பொருள் கண்டுபிடிக்காதே, உன் அம்மாவிடமிருந்து வந்த பழக்கம் அது.

மேற்பார்வையாளர் என்னைப் பாய்லரிலிருந்து எடுத்து, துணி மடிக்கிற மேசைக்கு மாற்றிவிட்டார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வலி ஏறியது, உயிர் போகிற வலி. "அந்தக் களிம்ப எங்க வச்சிருக்க?" என்று சமையலறையைப் பார்த்துக் கேட்டேன். கேட்டுவிட்டு, பதில் வரும் என்று நின்றுகொண்டிருந்தேன் கண்ணு. வெகுநேரம் நின்றேன்.

குட்டிக்கு இருமல் விட்டதா, ஆவி பிடிக்க வைத்தால் பாத்திரத்துக்கு மிக அருகில் முகத்தைக் காட்டவிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். எனக்கு அழுகை இன்னும் வரவில்லை, வந்தால் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா