நாற்பத்தொன்றாம் எண் இலை

சேசு மரி சூசை துணை

சென்னை,
12-8-1957

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை மாலை எங்கள் சோதனைக்கூடத்துப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: நாற்பத்தொன்றாம் எண் இலை நீங்கள் கொடுத்தது. ‘கீரனூர் முத்துராமன் கடை, சேகரித்தவர் ஆரோக்கியம்மாள்’ என்று எழுதியிருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முன்பே அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் இலை தேறவில்லை.

யாருடைய இலை என்று தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று எங்களுக்கு எண்ணை மட்டும்தான் தருவார்கள். இலையும் பொடியாகத்தான் வரும். அதை ஊறவைத்து நாற்பது வெள்ளெலிகளுக்கு ஊட்டுவோம். வீரியம் தெரிந்த பழைய பொடியை வேறு நாற்பது எலிகளுக்கு ஊட்டுவோம். மறுநாள் காலையில் எத்தனை எலிகளிடம் பலன் தெரிகிறது என்று எண்ணி இரண்டையும் ஒப்பிடுவோம். அது என்ன பலன் என்று அக்காவுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடுகிறேன். பழைய பொடிக்கு முப்பத்தொன்று. உங்கள் பொடிக்கு இரண்டு. ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ‘கலப்படம்’ என்று எழுதினேன்.

முத்துராமன் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நான் சொல்வது நல்லது. மூட்டு வலிக்குத் தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் தம்பி
மரியசெல்வம்


கீரனூர்,
19-8-1957

அன்புத் தம்பி மரியசெல்வத்துக்கு,

உன் கடிதமும் முத்துராமனும் சனிக்கிழமை ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அவர் தன் கடை வாசலில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி அறிக்கையை வாசித்தார். எண்களை யாரும் காதில் வாங்கவில்லை. ‘கலப்படம்’ மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

நாலு வருஷமாக ஆறு பெண்களை வைத்து மருந்து இலை சேகரித்துக் கொடுக்கிறேன். ஒரு மூட்டை திரும்பி வந்ததில்லை. பறிப்பது எல்லோரும். உலர்த்தி மூட்டை கட்டுவது குன்றாண்டார்கோவில் சின்னப்பிள்ளை ஒருத்திதான். புருஷன் இல்லாதவள், ஒரே மகள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நான் ஒரு எலைகூட மாத்தலைங்க அக்கா. காத்துல வந்து விழுந்ததக்கூடப் பொறுக்கி எறிஞ்சேன்” என்றாள். என் தம்பி எழுதியிருக்கிறான், அவன் எழுதினால் தப்பாக இருக்காது என்றேன். நாளையிலிருந்து வராதே என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. இடுப்பிலிருந்த கோணி ஊசியை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

உன்னை இன்டர்மீடியட் வரை படிக்க வைத்தது எலிகளுக்குப் பந்தி விசாரிக்கவா? எனக்கு எழுதக் கூச்சப்படும்படி அப்படி என்ன பலன் அது? உனக்குக் கால் கழுவிவிட்டவள் நான். எதை எண்ணினாய் என்று எழுது. சின்னப்பிள்ளை முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

தைலம் வந்தது. நல்ல காரம்.

அக்கா
ஆரோக்கியம்மாள்


சென்னை,
26-8-1957

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். பேதி. ஒவ்வொரு எலிக்கும் தனிக் கூண்டு; கூண்டுக்கு அடியில் ஒற்றுத்தாள். காலையில் நனைந்த தாள்களை எண்ணுவோம்.

மீதியிருந்த பொடியை வியாழக்கிழமை மறுபடி ஊட்டினேன். மேலதிகாரியும் கூட நின்று எண்ணினார். இந்த முறை ஒன்றுதான். ஆகவே எண்ணிக்கையில் பிழை இல்லை. பேதிக்கான இலையில் பேதி இல்லையென்றால் வேறு இலை கலந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சின்னப்பிள்ளையிடம் நீங்கள் கேட்டது சரியே. அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

தம்பி
மரியசெல்வம்


கீரனூர்,
30-8-1957

சோதனைக்கூட உதவியாளர் மரியசெல்வம் அவர்களுக்கு,

முத்துராமன் கடையில் இலை கேட்டு எனக்குக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் மருந்துக் கம்பெனிக்குப் புதிதாக வந்த கொள்முதல்காரர் கைப்பட எழுதியது. ‘அவுரி இலை, நிழலில் உலர்த்தியது, நான்கு மூட்டை’ என்று இருக்கிறது. பத்திரமாகத் திருப்பி அனுப்பவும்.

எங்கள் பக்கத்தில் அவுரி என்றால் நீலச் சாயச் செடி. தலைக்கு எண்ணெய் காய்ச்சவும் போடுவார்கள். கொடும்பாளூர் வரை நடந்து அதைத்தான் பறித்தோம். வயிறு போவதற்குக் கொடுப்பது நிலாவாரை. போன மூன்று வருஷமும் அதைத்தான் கொடுத்தோம். இந்த வருஷம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவுரியைத் தின்ற எலிக்கு எப்படிப் பேதியாகும்?

பேதி என்று முதல் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதை எழுதக் கூசினீர்கள். கூசவேண்டிய சொல்லை எழுதிவிட்டீர்கள்.

நேற்றுக் குன்றாண்டார்கோவில் போனேன். சின்னப்பிள்ளை வீடு பூட்டியிருக்கிறது. கலப்படக்காரி என்று அங்கிட்டு யாரும் அவளுக்கு வேலை தரவில்லையாம். மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று அடுத்த வீட்டுக்காரிக்கும் தெரியவில்லை.

ம. ஆரோக்கியம்மாள்


சென்னை,
21-9-1957

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நுண்ணோக்கிப் பிரிவிலிருந்து எழுத்தில் வந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் எண் பொடி முழுக்க அவுரி, நீங்கள் சொன்ன அதே சாயச் செடி. வேறு ஒரு துணுக்கு இலைகூட அதில் இல்லை. இவ்வளவு சுத்தமாக உலர்த்திய இலை இந்த வருஷம் வரவில்லை என்று அந்தப் பிரிவுக்காரர் சொன்னார்.

கொள்முதல்காரரையும் நேரில் பார்த்தேன். அவர் சாத்தான்குளம் பக்கம். அங்கே நிலாவாரையைத்தான் அவுரி என்கிறார்கள். எங்களுக்கு வந்த தாளில் நிலாவாரையின் லத்தீன் பெயர் மட்டும் இருந்ததால் இது எங்கள் கண்ணில் படவில்லை.

‘வீரியம் இல்லை’ என்பதுதான் நான் கண்டது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எலிகள் சொல்லாததை நான் எழுதினேன். மேலதிகாரி முன்னால் ‘கலப்படம்’ என்பதை என் கையாலேயே அடித்து, ‘வேறு செடி, கலப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் நகல் முத்துராமனுக்குப் போயிருக்கிறது. உங்கள் சீட்டு ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது.

சின்னப்பிள்ளை இருக்குமிடம் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். ‘அவர்களுக்கு’ என்று மட்டும் இனி எழுதாதீர்கள் அக்கா.

மரியசெல்வம்


சென்னை,
18-12-1957

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. முத்துராமன் எழுதியதிலிருந்து நீங்கள் சுகம் என்று மட்டும் தெரிகிறது. கிறிஸ்துமஸுக்கு வர லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் வரமாட்டேன்.

மரியசெல்வம்


கீரனூர்,
28-1-1958

தம்பி,

சின்னப்பிள்ளை இருக்குமிடம் தெரிந்துவிட்டது. பஸ் கண்டக்டர் ராசு நேற்றுச் சொன்னான். அவன் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பாபநாசத்தில் களத்துமேட்டில் பார்த்தானாம். மகளும் கூட இருக்கிறாள். அறுவடை முடிந்து ஊருக்கு வருகிறாள்.

கிறிஸ்துமஸுக்கு உன்னை வரவிடாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை. உன்னைப் பார்த்தால் நீயும் நானும் அழுது சமாதானமாகிவிடுவோம். அவள் எங்கோ சேற்றில் நிற்கும்போது நமக்குள் அது எதற்கு? நீ ஒரு சொல்தான் எழுதினாய். அவளை வராதே என்றவள் நான். நாலு வருஷம் அவள் கையைப் பார்த்திருந்தும் உன் காகிதத்தைத்தான் நம்பினேன்.

திருத்தத்தையும் அதே வாசலில் நின்று வாசிக்கச் சொன்னேன். முத்துராமன் வாசித்தார். அன்றைக்குப் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. பாதிப் பேர்தான் கேட்டார்கள். மற்ற ஐந்து பேரும் நிலாவாரை பறிக்க வருகிறார்கள். மூட்டையை நானே தைக்கிறேன், வேறு ஊசியால். அவள் வைத்துவிட்டுப் போனதை எடுக்கவில்லை. புது இலை உங்களுக்கு வரும். எந்த எண் என்று உனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். நனைந்த தாளை எண்ணு, அது போதும்.

லீவு போட்டு, அவள் வருவதற்கு முதல் நாளே வந்துவிடு. நான் சொன்னது தப்பு என்று நான் அவளிடம் சொல்கிறேன். நீ எழுதியது தப்பு என்று நீ சொல்ல வேண்டும். அவள் வாசிக்கத் தெரியாதவள். அடித்துத் திருத்திய காகிதம் அவளுக்கு எதற்கு?

பிப்ரவரி பதினைந்து, சனிக்கிழமை. திருச்சியிலிருந்து பத்தரை மணிக்குக் கீரனூர் வரும் பஸ். அதில் வருவதாகத்தான் ராசுவிடம் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்ப்பதாகச் சொல்லவில்லை.

அக்கா